மேல் படியில் தண்ணீர்

ஜூலை 13, ஞாயிறு

பத்தொன்பது மணி நேரம் வெந்து, இன்று காலை பதினொன்றுக்குப் படம் இறங்கியது. கம்ப்யூட்டர் ஒரு காட்சியைக் கணக்குப் போட்டுப் படமாக்கி முடிப்பதை எல்லோரும் ரெண்டர் என்பார்கள். நான் வேகவைப்பது என்றுதான் சொல்லுவேன். சரிவில் படிக்கட்டு மாதிரி இறங்கும் எங்கள் மூன்று படி வயல், பக்கத்தில் லோத்ரா அண்ணன் வயல், பின்னால் பத்துக்காரு மலை. எதுவும் கேமராவில் எடுத்ததில்லை. நான்கு லட்சம் நெற்தூர்களையும் நான்தான் உண்டாக்கி நட்டேன். இதை எழுதும்போதே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. தூக்கிவிட்டுக்கொண்டேன்.

என் மனைவி ரெஸ்னியைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"இது எந்தக் கிறுக்கன் வயல்?"

"நம்ம வயல்தான். நல்லாப் பாரு."

"நல்லாப் பார்த்துதான் கேக்குறேன். ஒண்ணுல நாத்து, பக்கத்துல கதிர், அதுக்கும் பக்கத்துல அறுத்த தாள். ஆளுக்கொரு நாள்ல நட்டா எலி வருஷம் பூரா விருந்து சாப்பிடும். லோத்ரா அண்ணன் பார்த்தா உங்களைச் சங்கத்துல இருந்தே தள்ளி வச்சிடுவார்."

என் மூக்கு உடைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். லோத்ரா அண்ணன் எங்கள் தண்ணீர்ச் சங்கத்தின் தலைவர். அவர் நாள் சொன்னால் அறுபத்திரண்டு வீடும் ஒரே வாரத்தில் நடும், ஒரே வாரத்தில் அறுக்கும். எல்லா வயலும் ஒன்றாகக் காய்ந்து கிடந்தால்தான் எலியும் பூச்சியும் பட்டினி கிடந்து சாகும். இது எனக்குத் தெரியாதா? இங்கேதான் பிறந்தேன். நாற்பத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். பிறகு எப்படி? இந்தப் படம் செய்யச் சொல்லித்தரும் எல்லாப் பாடக் குறிப்பிலும் முதல் வரி இதுதான்: இயற்கையில் எதுவும் ஒன்றுபோல இருக்காது, கலைத்துப் போடு. நான் கலைத்துப் போட்டேன். குறிப்பு எழுதியவன் வீட்டில் வயல் இல்லை.

அவள் அதோடு விடவில்லை.

"இந்த ரூமை எனக்குக் குடுத்துடுங்க. வராந்தாவுல வெயில் அடிச்சு குருத்தோலை எல்லாம் சுருண்டு போகுது. இந்தக் கலுங்கான் பண்டிகைக்கு நாப்பது வீட்டு ஓலைப் படையல் பின்னுறது நம்மகிட்டதான். இருக்கிற வயலைப் பார்க்க ஆள் இல்ல, இல்லாத வயலை உழ உங்களுக்கு ஒரு ரூமா?"

எனக்குச் சுருக்கென்றது. "இல்லாத வயல்னு சொல்ற நீயே ஒரு நாள் போட்டோன்னு நம்பப் போற."

"நானா?" சிரித்தாள். "நான் நடக்கப் பழகினதே சேத்துல."

சாயங்காலம் காபிக்கு வந்த லோத்ரா அண்ணன்தான் இதைப் பந்தயமாக்கினார். போனில் ஐந்து படம் காட்ட வேண்டும். நான்கு நிஜமான போட்டோ, ஒன்று நான் வேகவைத்தது. ரெஸ்னி என்னுடையதைச் சரியாகக் காட்டிவிட்டால் எனக்குத் தோல்வி. போட்டோவைக் காட்டி இதுதான் உங்களுடையது என்றால் எனக்கு வெற்றி. எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலலாம், கலுங்கானுக்கு முதல் நாள்வரை. நான் ஒரு தடவை ஜெயித்தால் கம்ப்யூட்டர் இருக்கும் இந்த வடக்கு அறை எனக்கு, அவள் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் என் மேஜை சமையலறைப் பக்கம், அரிசிக் குதிருக்குப் பக்கத்தில்.

நான்கு மாதம் இருக்கிறது. ஒரு தடவை போதும். கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பேன்.

ஜூலை 14, திங்கள்

டான்டேயிடம் சொன்னேன். இலோயிலோ ஊரில் லாரி மெக்கானிக், ஐந்து வருஷமாக இணையப் பழக்கம், அவனும் கம்ப்யூட்டரில் படம் செய்கிறவன், எரிமலையைத் தவிர வேறு எதுவும் செய்ய மாட்டான். "பொண்டாட்டிகூடப் பந்தயம் கட்டினியா? ரூமை இன்னிக்கே காலி பண்ணிடு தம்பி, கௌரவமா இருக்கும்" என்று எழுதியிருக்கிறான். இவனெல்லாம் நண்பன்.

ஜூலை 27, ஞாயிறு

முதல் சுற்று. எல்லா வயலையும் ஒரே பருவத்தில் நட்டுவிட்டேன். இலை வழியாக வெளிச்சம் ஊடுருவுகிறது, சில தாள்கள் சாய்ந்திருக்கின்றன, வரப்பில் களை. ரெஸ்னி நாலு விநாடி எடுத்துக்கொண்டாள்.

"இது."

"எப்படி?"

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மலை மொட்டையா நிக்குதா?"

லோத்ரா அண்ணன் காபி புரையேறி இருமினார். பத்து மணிக்கு மேல் பத்துக்காரு தலையில் மேகம் இல்லாத நாளை நானும் பார்த்ததில்லை. மலையை இவ்வளவு பாடுபட்டுச் செதுக்கியிருக்கிறோமே, மறைப்பானேன் என்று நினைத்துவிட்டேன். பெருமைதான் கெடுத்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மென்பொருளில் சூரியனை வைக்கும் பக்கத்தில் 'ஊர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மூன்று வருஷமாக அதை நான் தொடவே இல்லை. அதைச் செய்தவர்களுடைய ஊரிலேயே நின்றுவிட்டது. அங்கே வெயில் தெற்கிலிருந்து வரும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் இங்கே இந்த மாதம் நண்பகலில் சூரியன் வடக்கே, மலைப் பக்கம் நிற்கிறது. மலையின் நம் பக்கம் மங்கலாக இருக்க வேண்டும். என் மலையோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கிறது.

கிளினிக்கில்தான் இது உறைத்தது. எக்ஸ்ரே எடுப்பதுதான் என் பிழைப்பு. வடக்கு ஜன்னலில் வெயில் வருகிறது, பலகையில் படம் தெரியவில்லை என்று நர்ஸிடம் திரையை இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் அப்படியே நின்றுவிட்டது. "என்ன ஆச்சு கெடே சார்?" என்றாள். சூரியன் வடக்கே இருக்கு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்தாள்.

ஊரை மாற்றினேன். ஒரே கட்டம். படம் முழுக்க நம்ம ஊர் வெயில் வந்துவிட்டது!

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காற்றைக் கண்டுபிடித்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை.

தூரத்து மலை நீலமாகப் போகும் என்று குறிப்புகள் சொல்லும். அது காய்ந்த ஊருக்கு. நம் காற்றில் பாதி தண்ணீர். தூரம் போகப் போக நீலமாவதில்லை, வெளுக்கிறது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. முதல் தென்னை வரிசைக்கும் இரண்டாவது வரிசைக்கும் நடுவிலேயே அந்த வெளுப்பு தொடங்கிவிடுகிறது. அதைப் போட்டதும் வயலுக்கும் மலைக்கும் நடுவில் திடீரென்று நாலு கிலோமீட்டர் வந்துவிட்டது. டான்டேவுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "என் எரிமலை எல்லாத்தையும் திரும்ப வேகவைக்கணும் போல இருக்கே, பாவி."

இரண்டாவது சுற்று. ரெஸ்னி ஒரு முழு நிமிஷம் பார்த்தாள்.  பிறகு விரலை வைத்தாள். சரியாக என்னுடையதன் மேல்.

"இந்த வரப்புல ஸ்கூட்டரே ஓட்டலாம். ரெண்டு வரிசை நெல்லு நடுற இடத்தை எந்தப் பொண்ணு வரப்புக்கு விடுவா?"

ஆனால் ஒரு நிமிஷம்! நாலு விநாடியிலிருந்து ஒரு நிமிஷம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நடவு. லீவு போட்டுவிட்டு வயலில் இறங்கினேன். சேற்றில் கால் எடுத்த குழியில் தண்ணீர் எப்படி வந்து நிறைகிறது என்று குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ரெஸ்னியும் மற்ற பெண்களும் நடுப் படியைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

"ஏங்க, சேறு எங்கயும் ஓடிப் போகாது. நாத்துக்கட்டை எடுத்துப் போடுங்க."

ஒரு பெண் கேட்டாள், "அண்ணன் என்ன, சேத்துக்கு எக்ஸ்ரே எடுக்கிறாரா?" வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்தத் தடவை என்னுடையதுக்கும் ஒரு போட்டோவுக்கும் நடுவில் அவள் விரல் நின்று ஆடியது. இங்கே, அங்கே, இங்கே. லோத்ரா அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு சுத்தமாத் தெரியலம்மா" என்றார். நான் வானத்தில் மிதந்தேன்.

அவள் என்னுடையதை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொண்டாள். "கோயில்ல பூ இல்ல."

மேல் படியில் மடைக்குப் பக்கத்தில் நிற்கிற இடுப்பளவுச் சின்னக் கோயிலைச் சொல்கிறாள். அதை நான் பாசி உட்பட, ஒரு மூலை உடைந்தது உட்பட, செய்திருந்தேன். ஆனால் அவள் தினமும் வைக்கும் ஓலைத் தட்டும் பூவும் இல்லை.

"காலைல பூ வைக்காம நான் என்னிக்காவது வீட்டுக்கு வந்திருக்கேனா?"

தோற்றதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. வேறு எதுவும் குறை இல்லை, பூ ஒன்றுதான்! அடுத்த தடவை ஏமாறுவாள். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நண்பகலில் என் நிழல் என் காலுக்கு அடியிலேயே கிடக்கிறது. சூரியன் நேர் உச்சி. இந்த வாரம் எதை வேகவைத்தாலும் தட்டையாகத்தான் வரும். ஓய்வு.

அக்டோபர் 19, ஞாயிறு

பூ, ஓலைத் தட்டு, பக்கத்தில் நேற்றைய வாடின பூ, எறும்பு. வரப்பு ஒன்றரைப் பாதம் அகலம். தண்ணீரை நானே மூன்று படிக்கும் தனித்தனியாக மட்டம் பார்த்து ஊற்றினேன். மேல் படியில் நாலு விரல், நடுவில் நாலு, கீழே மூன்று. பயிர் சூல் பிடிக்கிற பருவம், இப்போது தண்ணீர் குறையக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று ரெஸ்னிக்குத் தெரிய வேண்டும்.

வேகட்டும். அடுத்த ஞாயிறு காட்டுகிறேன். அறை என்னுடையது.

அக்டோபர் 26, ஞாயிறு

நகக்கண்ணில் இன்னும் சேறு இருக்கிறது. 

நாலு மணிக்கு மூன்று பேரும் உட்கார்ந்தோம். போனில் ஐந்து படம். பந்தயத்துக்கு நாலு போட்டோ வேண்டும் என்று மூன்று பழையது சேர்த்தேன், ஒன்று இன்று காலை ஆறரைக்கு வயலைப் பார்த்த இந்த ஜன்னலில் நின்று எடுத்தது. வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது. வெளிச்சத்தைத்தான் பார்த்தேன்.

ரெஸ்னி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். என்னுடையதன் மேல் நிற்கவே இல்லை, கடந்து போய்விட்டாள்.  கடைசிப் படத்தில் நின்றாள். உடனே சிரித்தாள்.

"இதுதான் உங்க வேலை. பூ வச்சீங்க, சரி. தண்ணியைக் கோட்டை விட்டுட்டீங்களே! மேல் படியில மண்ணு தெரியுது, நடுப் படி தளும்பி நிக்குது. மடை இருக்கிறது மேல. மேல நிறைஞ்சுதானே கீழ வரும்? உங்க மிஷின்ல தண்ணி ஏணி வச்சு ஏறுமா?"

நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன். "ஜெயிச்சுட்டேன்! அது போட்டோ! இன்னிக்குக் காலைல எடுத்தது!"

லோத்ரா அண்ணன் தொடையில் தட்டினார். "அடிச்சான்டா கெடே!"

ரெஸ்னி முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"இன்னிக்குக் காலைலயா?"

"ஆமா, ஆறரைக்கு—"

போன் தரையில் விழுந்தது. அவள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். லோத்ரா அண்ணன் எழுந்து பின்னால் ஓடினார், அறுபது வயசு ஆள். நான்? நான் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

நண்டு வளை. மேல் வரப்பில் முழங்கை வரை உள்ளே போனது. மேல் படித் தண்ணீர் அத்தனையும் அந்த ஓட்டை வழியாக நடுப் படிக்கு இறங்கிவிட்டது. வரப்பு உள்ளே கரைந்து வயிறு தள்ளி நின்றது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வரப்பு மொத்தமாகச் சரிந்து நடுப் படிப் பயிரை மூடியிருக்கும். மேல் படியில் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. சூல் பயிர், உள்ளே கதிர் உருவாகிற நேரம். ரெஸ்னி களிமண்ணை உருட்டி உருட்டி அடைத்தாள். லோத்ரா அண்ணன் மூங்கில் முளை அடித்தார். நான் வைக்கோல் முறுக்கிக் கொடுத்தேன். இருட்டும்வரை வேலை நடந்தது.

எத்தனை நாளாக வடிகிறது? மூன்று நாளாவது இருக்கும் என்றார் லோத்ரா அண்ணன். ரெஸ்னிக்கு வியாழனிலிருந்து காய்ச்சல். பூ வைக்க மட்டும் எதிர்ப்பக்கம் மடை வழியாகப் போய்விட்டு, வயலைப் பார்க்காமல் உடனே திரும்பியிருக்கிறாள். "நீங்கதான் ஜன்னல்லயே உக்காந்திருக்கீங்களேன்னு விட்டுட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மூணு நாளா அந்த ஜன்னலுக்கு எதிர்லதானே உக்காந்திருந்தேன்! மிஷினுக்குள்ள நாலு விரல் தண்ணி அளந்து ஊத்தினேன். வெளியில ஒரு சொட்டு இல்லைன்னு தெரியல. போட்டோ வேற எடுத்தேன். எடுத்துட்டு, வெளிச்சம் நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டேன். என்னத்தை ஜெயிச்சேன்? வெட்கமா இருக்கு. இதை யார்கிட்ட சொல்றது?

அக்டோபர் 27, திங்கள்

வாய்க்காலில் இப்போது ஓடுவது கால் நனையக்கூடப் போதாது. மழைக்கு இன்னும் மூன்று வாரம். எங்கள் தண்ணீர் முறை வெள்ளிக்கிழமைதான். அதுவரை மேல் படி தாங்காது.

காலையில் லோத்ரா அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றேன். தண்ணீரை இரவல் கேட்பது இங்கே வழக்கம்தான், ஆனால் நான் இதுவரை கேட்டதில்லை. கேட்கிறவன் வாசலில் நின்றுதான் கேட்க வேண்டும். நின்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் நிற்கவிட்டார்.

"என் முறையில ரெண்டு நாள் எடுத்துக்க. அடுத்த நடவுல எனக்கு ரெண்டு நாள் திரும்ப விடு."

"சரிண்ணே."

"மிஷின்ல தண்ணி விடும்போது என் வயலுக்கும் ரெண்டு குடம் ஊத்து. அங்கயாவது நிறைஞ்சு இருக்கட்டும்."

தகும். வாங்கிக்கொண்டேன்.

பந்தயத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பேசின பேச்சின்படி கெடே ஜெயித்தான், அறை கெடேவுக்கு. ரெஸ்னியிடம் சொன்னேன். "சரி, வச்சுக்கங்க" என்றாள். வராந்தாவில் ஈரத்துணி போட்டுக் குருத்தோலையை மூடிக்கொண்டிருந்தாள். பேச்சு மாற மாட்டாள், எனக்குத் தெரியும்.

அக்டோபர் 30, வியாழன்

மேல் படியில் தண்ணீர் நிற்கிறது. இரண்டு விரல்.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் கம்ப்யூட்டரின் ஒயரையெல்லாம் பிடுங்கினேன். ரெஸ்னி எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"அரிசிக் குதிர்ப் பக்கம் போறேன்."

"பந்தயத்துல தோத்தது நான். அண்ணன் சொன்னாரு இல்ல?"

"நீ எங்க தோத்த? நீ என் படத்தைப் பார்த்து ஏமாறல. நம்ம வயல்ல தண்ணி இல்லாம இருக்கும்னு நம்பல, அவ்வளவுதான். அதுக்குப் போய் நான் ரூமை வாங்கிக்கறதா?"

"நல்ல வேடிக்கையா இருக்கு. அப்ப மூணு மாசமா எதுக்குக் கத்தினீங்க?"

"திறமை இருக்கு, கத்தினேன். இப்பவும் இருக்கு. அங்க உக்காந்தாலும் இருக்கும்."

 அவள் மேஜையின் அந்தப் பக்கத்தைப் பிடித்தாள். "தூக்குங்க. இடிச்சுக்காதீங்க."

மதியமே குருத்தோலைக் கட்டெல்லாம் வடக்கு அறைக்கு வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவளும் அவள் தங்கையும் பின்னுகிறார்கள். சிரிப்புச் சத்தம் இங்கே வரை கேட்கிறது. நல்ல அறைதான்.

நவம்பர் 3, திங்கள்

இந்த மூலையில் ஜன்னலே இல்லை. எதிரே சுவர், பக்கத்தில் வெங்காயம். டான்டேவுக்கு எழுதினேன். "வெங்காயத்தை வேகவை, அதாச்சும் உருப்படியா வேகும்" என்கிறான்.

நவம்பர் 9, ஞாயிறு

கலுங்கான்வரை ரெஸ்னிக்குப் படையல் வேலை தலைக்கு மேல். வயலைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நானே சொன்னேன். தினமும் ஆறு மணிக்குப் போய், பூவும் வைத்துவிட்டு, மூன்று வரப்பையும் சுற்றிவிட்டு ஏழரைக்குக் கிளினிக். ரெஸ்னியின் தங்கை என் காலைப் பார்த்துவிட்டு, "அக்கா, மாமா கால்ல நிஜச் சேறு!" என்று கத்தினாள்.

வேடிக்கை என்னவென்றால், ஜன்னல் போனதிலிருந்துதான் எனக்குக் கண் தெரிகிறது. ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லாப் படித் தண்ணீரும் கண்ணாடி. கிட்டே போனால் அப்படி இல்லவே இல்லை. பயிர் அடர்ந்த இடத்தில் வானமே விழுவதில்லை. மடை வாயில் மட்டும் தண்ணீர் சுருங்கிச் சுருங்கி விரிகிறது. வரப்பின் உள்பக்கத்தில் தண்ணீர் போன மட்டத்துக்கு ஒரு சேற்றுக் கோடு. எத்தனை நாள் எவ்வளவு இருந்தது என்று அதிலேயே படிக்கலாம். நடந்து தேய்ந்த இடத்தில் புல் இல்லை, ரெஸ்னி கால் வைக்கிற இடமெல்லாம் ஒரே இடைவெளி. இதையெல்லாம் மூன்று வருஷமாக நான் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அரிசிக் குதிர் ஓரத்திலிருந்து சொல்கிறேன்: இதுவரை நான் செய்ததெல்லாம் பயிற்சி. இனிமேல்தான் படம்.

நவம்பர் 15, சனி

கதிர் பால் பிடித்துவிட்டது. நசுக்கினால் வெள்ளையாக வருகிறது. மேல் படியில் கொஞ்சம் பதர் இருக்கும், பாதிக்குமேல் தப்பிவிட்டது என்று லோத்ரா அண்ணன் தடவிப் பார்த்துச் சொன்னார். பெருமூச்சு விட்டேன்.

நண்டு வளையை அடைத்த ஒட்டு நாலு நாள் வெயிலில் வெடித்திருக்கிறது. அருமையான வெடிப்பு! தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொடங்கி, மூன்று கிளையாகப் பிரிந்து, ஒன்று மட்டும் கீழே இறங்கி மறைகிறது. புது மண் பழைய மண்ணைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பு, அதில் ரெஸ்னியின் நாலு விரல் பதிந்த தடம் அப்படியே இருக்கிறது. இதை யாரும் யோசித்துச் செய்ய முடியாது. வீட்டுக்கு ஓடி வந்து, மறக்கும் முன்னால் கம்ப்யூட்டரில் செய்தேன்.

நவம்பர் 17, திங்கள்

நான் கிளினிக்கில் இருந்தபோது வெந்து முடிந்தது. வந்து பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். போனில் ஏற்றிக்கொண்டேன். யாருக்கும் காட்டவில்லை. டான்டேவுக்குக்கூட.

நாளைதான் பந்தயத்தின் கடைசி நாள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

நாளை கலுங்கான். காலையிலேயே வாசலில் பண்டிகை அலங்கார மூங்கிலை நட்டுவிட்டு, நானும் லோத்ரா அண்ணனும் பின்முற்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்து லாவார் என்கிற பண்டிகைக் கூட்டுக்குக் கறியும் தேங்காயும் கொத்திக்கொண்டிருந்தோம். வடக்கு அறையில் கடைசி ஆறு வீட்டுப் படையல். ரெஸ்னி போனில் சார்ஜ் இல்லை. யாருக்கோ சொல்ல வேண்டும் என்று வந்து என் போனை எடுத்தாள்.

 நான் தலை நிமிரவில்லை.

"ஏங்க! இதை எப்ப எடுத்தீங்க?"

கத்தி நின்றது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். என் படம். நான் வேகவைத்தது.

"ஒட்டு வெடிச்சிருக்கே! இதோ பாருங்க, ஒண்ணு கீழ வரைக்கும் போகுது. எப்ப எடுத்தீங்க?"

லோத்ரா அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். சாட்சி. நாள் கடைசி நாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த ஊர் பத்து வருஷத்துக்குச் சிரித்துச் சிரித்துப் பேசும். நாலு மாதமாக இந்த நிமிஷத்துக்குத்தான் நான் வாயைத் தீட்டி வைத்திருந்தேன்.

"சனிக்கிழமை" என்றேன். வெடிப்பைப் பார்த்தது சனிக்கிழமைதானே.

"மூணு நாளாச்சா? பார்த்துட்டுச் சும்மாவா வந்தீங்க? அந்த வழியாத்தான் திரும்பவும் போகும். நாளைக்கும் நாளன்னிக்கும் யாரும் மண்வெட்டியைத் தொட மாட்டோம். இப்பவே போய்ப் பூசிட்டு வாங்க. லோத்ரா அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

அவர் போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆமாடா, கீழ் வெடிப்பு நல்லதில்ல. போ. கறியை நான் பார்த்துக்கறேன்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமை அருமை அருமை என்று எழுதிய அதே இடத்தில் குனிந்து பார்த்தேன். தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது, ஒரு நூல் அளவு. களிமண் மிதித்து, வெடிப்பைக் கொத்தித் திறந்து, உள்ளே வரை அடைத்துப் பூசினேன். அவள் விரல் தடத்துக்குப் பக்கத்தில் இப்போது என் விரல் தடம். கோயிலில் காலையில் நான் வைத்த பூ இருந்தது. மேல் படியில் நாலு விரல் தண்ணீர். கையை விட்டு அளந்தேன்.

நான்தானா இது, வாயைத் திறக்காமல் திரும்பி வருகிறவன்? சந்தோஷம் தாங்கவில்லை. அதை இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ரெஸ்னி ஜன்னல் வழியாகக் கேட்டாள். "போட்டோவுல இருந்த மாதிரியேதான் இருந்துச்சா?"

"ஒரு விரல் நீளம் கூடப் போயிருந்துச்சு. மத்தபடி அப்படியேதான்."

காலைக் கழுவிக்கொண்டு போய், மறுபடி கத்தியை எடுத்தேன்.